டச்சுக்காரர்கள் எங்கள் ஊருக்குத் துணி எடுக்க வந்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழவேற்காடு கடைத்தெருவில் முப்பத்தெட்டு வருஷமாகத் தையல்கடை வைத்திருப்பவன் நான். இரண்டு வாரத்துக்கு முன்னால் உங்கள் ஞாயிறு இணைப்பில் எங்கள் ஊரைப் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். அன்றைக்கு ஊரில் பேப்பருக்கே தட்டுப்பாடு. எதிர்க்கடை டீ மாஸ்டர் அந்த ஒரு தாளில் மட்டும் வடை மடிக்காமல், கல்லாவுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஏரியில் பூநாரைகள் கூட்டமாக நிற்கிற படம் அருமை. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குறை முதல் வரியில்தான். ‘டச்சுக்காரர்கள் உருவாக்கிய குட்டித் துறைமுகம்’ என்று ஆரம்பித்திருந்தார் உங்கள் நிருபர். முடித்ததும் டச்சுக் கல்லறையில். நடுவில் கோட்டை, பீரங்கி, நண்டு வறுவல் எல்லாம் வந்தன. துணி என்ற சொல் ஓர் இடத்தில்கூட வரவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை தேடினேன். தையல்காரன், அதனால் துணியைப் பற்றியே பேசுகிறான் என்று நினைக்க வேண்டாம். பட்டைச் சொல்லாமல் காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும்.

முதலில் ஊர்ப் பெயரை முடித்துவிடுகிறேன். ‘பழைய வேர்க்காடு’ என்பது பழவேற்காடு ஆனது என்று எழுதியிருக்கிறார். எங்கள் தமிழ் வாத்தியார் உயிரோடு இருந்திருந்தால் பிரம்பை எடுத்திருப்பார். வேர் என்றால் வேர்க்காடு என்றுதான் வரும். வேல் சேர்ந்தால்தான் வேற்காடு. சென்னைக்குப் பக்கத்திலேயே திருவேற்காடு இருக்கிறதே, அதுவும் வேல மரக் காடுதான். இன்றைக்குக் கோட்டை இருந்த மேட்டில் போய்ப் பாருங்கள், சீமைக்கருவேலம் மண்டி, பகலிலேயே ஆள் நுழைய முடியாது. பெயர் திரும்பவும் பொருத்தமாகிவிட்டது.

சரி, துணிக்கு வருகிறேன்.

பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் இருக்கும். பள்ளிவாசல் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். மலேசியாவில் பெனாங்கில் நாற்பது வருஷம் மளிகைக்கடை வைத்திருந்துவிட்டு, சொந்த ஊரைப் பார்க்க வந்தவர். தையல் பிரிந்துபோன ஒரு கைலியைக் கொடுத்து, “டெய்லரே, கட்டம் மாறாம மூட்டிக் குடுங்க” என்றார்.

கைலி மூட்டுவதைப் பையன் வேலை என்று நினைப்பார்கள். பார்க்கப்போனால் இரண்டு மீட்டர் துணி, வெட்டிய இரண்டு முனையையும் சேர்த்து ஒரே ஒரு நேர்த்தையல். ஆனால் ஒரு முனையில் இருக்கும் கோடு மறுமுனைக் கோட்டின் தலையில் போய் உட்கார வேண்டும். கரையில் பிடித்து ஆரம்பித்தால் முதல் நாலு கட்டம் ஒழுங்காகச் சேரும். அப்புறம் மிஷினின் பல் அடித்துணியை இழுக்கும், மேல்துணி பின்தங்கும், பாதியில் பார்த்தால் ஒரு நூல் நகர்ந்திருக்கும். கீழ்க்கரைக்கு வரும்போது அது அரைக் கட்டம் ஆகிவிடும். கட்டிக்கொண்டு நடந்தால் தொடைப் பக்கத்தில் கோணல் தெரியும். புதுக் கைலி என்றால் கஞ்சி மொடமொடப்பில் வழுக்கிக்கொண்டு போகும். என் அப்பா கஞ்சிக் கைலியை மூட்டும்போது வாயைத் திறக்க மாட்டார். யாராவது பேச்சுக் கொடுத்தால் ‘உம்’ கூட வராது. அந்தத் தையலுக்கு அப்போது கூலி எட்டணா.

பெனாங்குக் கைலியைப் பிரித்துப் பார்த்தேன். கண்ணுக்குக் குளிர்ச்சியான கட்டம். ஒரு பட்டை அளவுக்கு மட்டும் கட்டம் வேறு மாதிரி, கொஞ்சம் கருத்து இருந்தது. “அதுக்குக் கெப்பாலான்னு பேரு, மலாய்ல தலைன்னு அர்த்தம்” என்றார். ஒரு மூலையில் பொன்னிற எழுத்தோடு தாள் சீட்டு ஒட்டியிருந்தது. இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் இங்கிலீஷ் வார்த்தை இல்லை. பக்கத்தில் பித்தான் தைத்துக்கொண்டிருந்த என் மகள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். “கைன்... பெ-லி-காட்.”

“அப்படின்னா என்ன பாய்?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “என்ன டெய்லரே, நம்ம ஊர்தான். கைன்னா துணி. பெலிகாட்டுன்னா புலிகாட். அங்க ஜும்மாவுக்குப் போற ஒவ்வொரு மலாய்க்காரன் இடுப்புலயும் நம்ம ஊரு பேருதான் இருக்கு. என்னைப் புலிகாட்டுக்காரன்னு சொன்னா, துணி யாவாரமான்னு கேப்பான். நான் பருப்பு விக்கிறேன்னா நம்ப மாட்டான்.”

நான் அவரிடம் கூலி வாங்கவில்லை. அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூக்கமும் வரவில்லை. கைலியை மூட்டி மூட்டியே பிழைத்த குடும்பம் எங்களுடையது. உலகத்தில் பாதிப் பேர் கட்டுகிற கைலிக்கு எங்கள் ஊர்ப் பெயர் என்று எனக்கே யாரும் சொன்னதில்லை. மலேசியாவில் மட்டும் இல்லை, இந்தோனேசியாவிலும் இதே பெயர்தான் புழக்கத்தில் இருக்கிறது என்று மகள் அப்புறம் தேடிச் சொன்னாள். அவள் பிற்பாடு வரலாறு எம்.ஏ. முடித்தாள். கீழே நான் எழுதுகிற வருஷக் கணக்கெல்லாம் அவள் சரிபார்த்துக் கொடுத்தது.

டச்சுக் கம்பெனி பழவேற்காட்டில் பண்டகசாலை போட்டது 1610இல். அதற்கு நூறு வருஷம் முன்பே போர்த்துகீசியர்கள் இங்கே இருந்தார்கள். மகிமை மாதா கோயில் 1515இல் எழும்பியது. அந்தக் காலத்தில் கடலோரமாகச் சுற்றிவந்த துவார்த்தே பர்போசா என்கிற போர்த்துகீசியர் எங்கள் ஊரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். விஜயநகர ராஜாவுக்குச் சொந்தமான துறை, முஸ்லிம்களும் இந்துக்களுமாகப் பெரிய வியாபாரிகள் இருக்கிற ஊர், இங்கிருந்து வண்ணத்துணிகள் மலாக்காவுக்கும் பர்மாவில் இருக்கும் பெகுவுக்கும் சுமத்ராவுக்கும் போகின்றன, அங்கே அவற்றுக்கு நல்ல விலை என்கிறார். கிருஷ்ணதேவராயர் காலம் அது. ஆக, டச்சுக்காரன் கப்பல் கட்டையை வெட்டுவதற்கு முன்பே இங்கே கடை விரித்து வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. உருவாக்கிய ஊர் என்று எப்படிச் சொல்வது? கூட்டம் அலைமோதுகிற ஜவுளிக்கடையில் கடைசியாக நுழைந்த வாடிக்கையாளன், கடையையே நான்தான் கட்டினேன் என்கிற மாதிரி இருக்கிறது.

அவன் ஏன் வந்தான் என்பதுதான் ருசியான பகுதி. டச்சுக்காரனுக்கு வேண்டியது கிராம்பும் சாதிக்காயும். அது விளைவது இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில், மலுக்கா தீவுகளில். வெள்ளிக்காசைக் கொண்டுபோய் நீட்டினால் அந்தத் தீவுக்காரர்கள் அவ்வளவாக மதிக்கவில்லை. வெள்ளியைக் கட்டிக்கொள்ள முடியுமா? சோழமண்டலக் கரைத் துணி வேண்டும் என்றார்கள். பருத்திதான், ஆனால் துவைக்கத் துவைக்கச் சாயம் போகாத பருத்தி. சாயவேரில் ஏற்றுகிற எங்கள் சிவப்பு, வெயிலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் அசையாது. ஆகவே கிராம்பு வாங்க வேண்டுமானால் முதலில் இங்கே வந்து துணி எடுக்க வேண்டும். ஹெண்ட்ரிக் பிரௌவர் என்கிற கம்பெனி அதிகாரி 1612இலேயே, சோழமண்டலக் கரை மலுக்காவின் இடது கை, இந்தத் துணி இல்லாவிட்டால் அங்கே வியாபாரம் செத்துவிடும் என்று எழுதினார். இடது கை என்றால் மட்டம் என்று அர்த்தம் இல்லை. துணி வெட்டுகிறவனுக்குத் தெரியும், வலது கை கத்தரிதான் பிடிக்கும். துணியை நகராமல் அமுக்கிப் பிடிப்பது இடது கை.

அதே 1612இல் சாந்தோமிலிருந்து போர்த்துகீசியர்கள் வந்து டச்சுப் பண்டகசாலையை அடித்து நொறுக்கினார்கள். அதற்குப் பிறகு கட்டியதுதான் உங்கள் நிருபர் எழுதிய கோட்டை, 1613. கட்டிய தலைவரின் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரில் ‘கெல்ட்ரியா’ என்று வைத்தார்கள். நம் ஆட்கள் துபாயில் ஹோட்டல் திறந்து ‘திருநெல்வேலி’ என்று பெயர் வைக்கிற மாதிரிதான். அப்போது ராஜா இரண்டாம் வேங்கடர். அவர் இடம் கொடுத்ததால் கட்டினார்கள்.

உங்கள் கட்டுரையில் விட்டுப்போன இன்னொரு விஷயம். கோட்டை கெட்டியாக இருந்ததால் ஒருவருக்கு இங்கே இடம் கிடைக்கவில்லை. ஒப்பந்தம் போட்டுக்கொண்டு 1621இல் இங்கிலீஷ்காரர்களும் பழவேற்காட்டில் கடை போட்டார்கள். டச்சுக்காரர்களோடு ஒத்துப்போக முடியவில்லை. இரண்டு வருஷத்துக்குள் மூட்டை கட்டினார்கள். ஏரிக்கு வடக்கே, இப்போதைய ஆந்திரத்தில் இருக்கும் துர்கராஜபட்டினத்தில் கொஞ்ச காலம் தங்கினார்கள். ஆர்மகான் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அங்கேயும் துணி சரியாகக் கிடைக்கவில்லை. அங்கே அதிகாரியாக இருந்த ஃபிரான்சிஸ் டே தெற்கே இடம் தேடிப் போய் 1639இல் பிடித்த மணல்மேடுதான் இன்றைய சென்னை. வருஷா வருஷம் ஆகஸ்டு 22ஆம் தேதி உங்கள் பத்திரிகையில் சென்னை தினம் என்று கேக் வெட்டுகிற படம் போடுகிறீர்கள். பழவேற்காட்டில் அவர்களுக்குப் பாய் விரித்திருந்தால் அந்தக் கேக்கை எங்கே வெட்டியிருப்பீர்கள்?

துணி எங்கள் ஊருக்குள்ளேயே அத்தனையும் நெய்யப்பட்டது என்று நான் சொல்ல வரவில்லை. உள்நாட்டுக் கிராமங்களில் தறி ஓடியது. கம்பெனிக்காரன் வியாபாரிக்கு முன்பணம் கொடுப்பான், வியாபாரி நெசவாளிக்குக் கொடுப்பான், துணி மூட்டை மூட்டையாக இங்கே வந்து சேரும். என் அம்மாவின் அப்பா ஆரணியில் தறி வைத்திருந்தவர். பட்டுக்குப் பேர்போன அந்த ஆரணி இல்லை, பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் ஆரணி ஆற்றங்கரையில் இருக்கிற ஆரணி. அந்த ஆறு எங்கள் ஏரியில்தான் வந்து விழுகிறது. தாத்தா பாவு, அதாவது தறியின் நீளவாட்டு நூல், போடும்போது நூலை நாக்கில் வைத்துப் பார்ப்பார். கஞ்சி பதமா என்று அதில் தெரியுமாம். நானும் சின்ன வயசில் வைத்துப் பார்த்திருக்கிறேன். புளித்த சோற்றுத் தண்ணீர் ருசிதான் தெரிந்தது, பதம் தெரியவில்லை.

மூட்டை வந்ததும் கப்பலில் ஏற்றுவது லேசு இல்லை. எங்கள் கடற்கரையில் பெரிய கப்பல் ஒட்டி நிற்க ஆழம் கிடையாது. வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். இடையில் வரிசையாக உடைகிற அலை. ஆணி அடித்த படகு அந்த அலையில் நாலு நாளைக்குத் தாங்காது. அதனால் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துப் படகு செய்தார்கள். மசூலா என்பார்கள். அலை அடித்தால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். பலகையைத் தைத்தவனும் எங்கள் தொழில்தான் என்று நான் உரிமை கொண்டாடுவேன், படகுக்காரர்கள் சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை.

‘புலிகாட் கைக்குட்டை’ என்று ஒன்று இருந்தது. கைக்குட்டை என்றவுடன் மூக்குத் துடைப்பது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டம் போட்ட சதுரத் துணி, ஒரே பாவில் வரிசையாக நெய்து வெட்டிக் கொடுப்பார்கள். தலையில் கட்டலாம், தோளில் போடலாம். மேற்கு ஆப்பிரிக்கா வரைக்கும் இந்த வகைத் துணி போனது. நைஜீரியாவில் களபாரி என்கிற மக்கள் இதற்கு ‘இஞ்சிரி’ என்று பெயர் வைத்து, குழந்தை பிறந்தாலும் ஆள் செத்தாலும் இந்தக் கட்டத்துணி இல்லாமல் சடங்கு செய்ய மாட்டார்களாம். பிற்காலத்தில் ஆந்திராவில் சீராலா இந்த நெசவுக்குப் பேர் வாங்கியது. இதைவிட வேடிக்கை, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ தறிக்காரர்கள் இதைப் பார்த்து நெய்ய ஆரம்பித்தார்கள். அவர்கள் வைத்த பெயர் ‘புல்லிகேட்’. என் மகள் இதைப் படித்துக் காட்டியபோது டீ மாஸ்டர் கேட்டார், “டூப்ளிகேட்டுங்கற வார்த்தையே இதுலருந்துதான் வந்துச்சா?” இல்லை. ஆனால் வந்திருக்கலாம்.

கல்லறையைப் பற்றி நீங்கள் எழுதியதில் தவறு இல்லை. தொல்லியல் துறை பாதுகாக்கிற இடம், 17ஆம் நூற்றாண்டுக் கல் வேலைப்பாடு, வாசலில் இரண்டு எலும்புக்கூடு, எல்லாம் பார்க்க வேண்டியவைதான். அதில் எனக்கு ஒரு பழைய பாவக் கணக்கும் உண்டு. பத்து வயசில் சுற்றுலா வருகிறவர்களுக்கு அதைச் சுற்றிக் காட்டினால் நாலணா கொடுப்பார்கள். எலும்புக்கூட்டை மட்டும் காட்டினால் நாலணா, சுரங்கம் கதை சொன்னால் எட்டணா. கோட்டையிலிருந்து கல்லறைக்கு அடியில் ஒரு சுரங்கம், அதில் குதிரை போகும், தங்கம் புதைந்திருக்கிறது என்று அடித்துவிடுவேன். யாரோ எனக்குச் சொன்னதை நான் இன்னும் கொஞ்சம் நீட்டினேன், அவ்வளவுதான். உங்கள் கட்டுரையிலும் ‘ரகசியச் சுரங்கம் இருப்பதாக ஊர் மக்கள் நம்புகிறார்கள்’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஊர் மக்களில் ஒருவன் நான்தானோ என்று கொஞ்சம் கூச்சமாக இருந்தது. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

ஆனால் அந்தக் கல்லறைக் கற்களில் பெயர், பிறந்த ஊர், செத்த தேதி எல்லாம் அழகாக வெட்டியிருக்கிறது. இங்கிருந்து அவர்கள் ஏற்றிக்கொண்டு போனது துணி மட்டும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம் சோற்றுக்கு வழியில்லாமல் பெற்ற பிள்ளையை விற்றவர்களும், தங்களையே விற்றுக்கொண்டவர்களும் இருந்தார்கள். அவர்களை அடிமைகளாகக் கப்பலில் ஏற்றி, இன்றைக்கு ஜகார்த்தா என்கிறோமே, அந்தப் பத்தாவியாவுக்கும் மற்றத் தீவுகளுக்கும் கொண்டுபோனார்கள். பழவேற்காடு அதற்கும் துறைமுகமாக இருந்தது. என் மகள் இதைச் சொன்ன நாளுக்குப் பிறகு நான் கல்லறைக்கு யாரையும் கூட்டிப்போவதில்லை. வழி கேட்டால் சொல்வேன். பூநாரைக்கு அரைப் பக்கம் கொடுத்த இடத்தில் இதற்கு இரண்டு வரி கொடுத்திருக்கலாம்.

மிச்ச வரலாறு சுருக்கம்தான். 1690இல் டச்சுக்காரர்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1781இல் நாகப்பட்டினம் இங்கிலீஷ்காரர் கைக்குப் போனதும் திரும்ப இங்கே வந்தார்கள். 1795இல் இதுவும் போனது. இங்கிலீஷ்காரர்கள் கோட்டையை இடித்தார்கள், இடித்த பிறகு 1818இல் ஊரைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1825இல் மொத்தமாக அவர்களுக்கே வந்துவிட்டது. சட்டையைக் கிழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, மறுபடியும் வாங்கிக்கொண்ட கதை. அப்புறம் மான்செஸ்டர் மில் துணி வந்தது. தாத்தாவின் தாத்தா காலத்துத் தறிக்காரர்கள் பட்ட பாட்டை எழுதினால் உங்களுக்குப் பக்கம் போதாது.

அதற்குப் பிறகு இந்த ஊர் கால்வாயை நம்பியது. பக்கிங்காம் கால்வாய் வழியாக ஸ்ரீஹரிகோட்டாவின் சவுக்கு விறகு படகு படகாகச் சென்னை அடுப்புகளுக்குப் போனது. என் அப்பாவின் முதல் வாடிக்கையாளர்கள் விறகுப் படகுக்காரர்கள்தான். அரைக்கால் சட்டைக்கு இரட்டைத் தையல் கேட்பார்களாம், உட்கார்ந்து உட்கார்ந்து கிழியும் என்று. அந்த ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் 1971 முதல் ராக்கெட் போகிறது. எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் முதலில் வெளிச்சம் தெரியும். பாபின் மாற்றுகிற நேரம் கழித்துத்தான் சத்தம் வரும். தகரக் கூரை அதிரும்.

நீங்கள் ‘ஆந்திர எல்லையில்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்ட எல்லையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், எங்களுக்கு இருப்பது தெற்கு ஓரம் மட்டும். தெலுங்கர்கள் இதைப் பிரளய காவேரி என்பார்கள். 1953இல் ஆந்திரா பிரிந்தது, 1960இல் எல்லையைத் திருத்தினார்கள். திருத்தணி இங்கே வந்தது, சத்தியவேடு அங்கே போனது. மீனுக்கு இது எதுவும் தெரியாததால் இன்றைக்கும் ஏரியில் வலைத் தகராறு அவ்வப்போது வருகிறது. எங்கள் பக்கத்து மீனவர்கள் யார் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்பதைப் ‘பாடு’ என்ற முறையில் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்கிறார்கள். அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், எழுத வேண்டியவர் மீனவர், நான் இல்லை.

என் கடைக்குத் தடாவிலிருந்தும் சூளூர்பேட்டையிலிருந்தும் ஆள் வருவார்கள். அளவு எடுக்கும்போது அவர்கள் சொல்வதை அப்படியே நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிவிடுவேன். ‘நடுமு 34, பொடவு 40’ என்று இருக்கும். புதுசாக வந்த கட்டிங் பையன், நடுமு என்ற பெயரில் இத்தனை வாடிக்கையாளரா என்று கேட்டான். இடுப்புக்குத் தெலுங்கில் அதுதான் பெயர். லூசு மட்டும் இரண்டு பாஷையிலும் லூசுதான்.

இவ்வளவும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைக்குப் பழவேற்காடு கடைத்தெருவில் தொங்குகிற கைலி குடியாத்தத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வருகிறது. நல்ல துணி, நானே கட்டுகிறேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் வெளியூர்ப் பையன்கள் காரில் வந்து, “டச்சு ஊர் எங்கே இருக்கு?” என்று என்னிடமே கேட்கிறார்கள். பத்திரிகையில் அப்படி வந்தால் அப்படித்தான் கேட்பார்கள். போன மாதம் ஒரு கல்லூரி மாணவி வந்து, நெதர்லாந்துக்காரர்கள் இங்கே என்ன விட்டுவிட்டுப் போனார்கள் என்று செல்போனில் பதிவு செய்தார். கல்லறை, இடிந்த கோட்டை என்று சொன்னேன். நீங்கள் அவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. நானாக ஆரம்பித்தேன். அதற்குள் அவருக்குப் பஸ் வந்துவிட்டது.

எனக்கு வேண்டியது இரண்டே திருத்தம். ‘டச்சுக்காரர்கள் உருவாக்கிய’ என்பதை எடுத்துவிட்டு, துணி வியாபாரத்துக்குப் பேர்போன பழைய துறைமுகம் என்று ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். வேர்க்காட்டையும் திருத்திவிடுங்கள். சுரங்கத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

உங்கள் நிருபர் அடுத்த தடவை வந்தால் கல்லறையிலிருந்து நடந்தே கடைக்கு வரலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் நூல், பித்தான் வாங்கப் பொன்னேரிக்குப் போய்விடுவேன். மற்ற நாள் ராத்திரி எட்டு வரை கடை திறந்திருக்கும். பெனாங்குப் பெரியவர் ஊருக்குத் திரும்பும்போது அந்தக் கைலியை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். கட்டவில்லை, பீரோவில் வைத்திருக்கிறேன். மூலையில் அந்தச் சீட்டு கிழியாமல் அப்படியே இருக்கிறது. படம் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கடைத்தெரு தையல்காரன்,
பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டம்.